‘பட்டன் இருக்கிறது’ என்பது தவக்குல் ஆகாது



பெருநாள் விடுமுறை நெருங்கிவிட்டால் திருப்பூரில் வாடகை வேன் கிடைப்பது அரிதாகிவிடும். பனியன் கம்பெனிகள் கதவடைக்கும் அந்தச் சில நாள்களில், ஆண்டு முழுவதும் பல்லடத்துக்கும் காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் தொழிலாளர்களை ஏற்றி இறக்கிய அதே வேன்கள் நம் குடும்பங்களைச் சுமந்துகொண்டு நாகூருக்கும் ஏர்வாடிக்கும் ஊட்டிக்கும் கொச்சிக்கும் புறப்படுகின்றன. உம்ராவுக்குச் செல்லும் பெரியவர்களை வழியனுப்ப விமான நிலையம்வரை இருபது பேர் வேன் பிடித்துப் போவதும் வழக்கமாகிவிட்டது. (தர்காவுக்குப் போகலாமா, வழியனுப்ப இத்தனை பேர் தேவையா என்பவை தனி விவாதங்கள். அவற்றை இங்கே கலக்க விரும்பவில்லை. எங்கே போனாலும் உயிரோடு போய்த் திரும்ப வேண்டும் என்பதில் நமக்குள் இயக்க வேறுபாடு இருக்க முடியாது.)

வேன் பேசும்போது நாம் கேட்கும் கேள்விகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். ஏசி வேலை செய்யுமா? கிலோமீட்டருக்கு எவ்வளவு? டிரைவர் பேட்டா யார் பொறுப்பு? மேலே தேக்சா கட்ட கேரியர் உண்டா? இவையெல்லாம் முடிந்த பிறகு யாராவது ஒருவர், பெரும்பாலும் வயதான ஒருவர், “டயரெல்லாம் எப்படி பாய்?” என்று கேட்பார். “பட்டன் இருக்கு அத்தா, பயப்படாதீங்க” என்று பதில் வரும். அத்துடன் விசாரணை முடிந்துவிடும். அதற்கு மேலும் அழுத்திக் கேட்டால், “அல்லாஹ் இருக்கான், ஏறுங்க” என்று கூட்டத்திலிருந்தே ஒரு குரல் எழும்.

இந்த இரண்டு வாக்கியங்களோடுதான் என் சண்டை. முதலாவது அறியாமை. இரண்டாவது, அந்த அறியாமைக்கு மார்க்கத்தின் ஜிப்பாவை மாட்டிவிடும் வேலை. முதலாவதை மன்னிக்கலாம். இரண்டாவதை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் பட்டன். டயரின் மேற்பரப்பில் இருக்கும் காடிகளின் ஆழத்தைத்தான் நம் ஊரில் பட்டன் என்கிறோம். கார், வேன், லாரி ஆகியவற்றுக்கு அது குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதி. அந்த ஆழம் குறைந்தால் மழைத் தண்ணீரைப் பிதுக்கித் தள்ள இயலாமல் வண்டி வழுக்கும். அதை அளப்பது அவசியம்தான். ஆனால் நீண்ட பயணத்தில் உயிரைக் குடிக்கும் டயர்களில் பல, பட்டன் தீர்ந்ததால் வெடிப்பவை அல்ல. பட்டன் நன்றாக இருக்கும்போதே, உள்ளே இருக்கும் எஃகு வலையிலிருந்து ரப்பர் பிரிந்து வெடிப்பவை அவை. வெளியிலிருந்து பார்க்கிறவருக்குக் கடைசி நிமிடம்வரை அது புது டயர்.

ரப்பருக்கு வயதாகிறது. ஓடினாலும் ஆகிறது, ஓடாமல் நின்றாலும் ஆகிறது. வெப்பமும் காற்றிலுள்ள பிராணவாயுவும் ஓசோனும் அதன் நெகிழ்வைச் சிறிது சிறிதாகத் தின்றுவிடுகின்றன. இதைத் திருப்பூர்க்காரனுக்கு விளக்க வேறு உதாரணமே தேவையில்லை. காதர்பேட்டையில் பழைய சரக்கு மூட்டையைப் பிரித்திருக்கிறீர்களா? ஒருநாள்கூட யாரும் உடுத்தாத உள்ளாடை, மடிப்புக் கலையாமல் இருக்கும். துணியில் குறையே இராது. இடுப்புப் பட்டையை இழுத்தால் எலாஸ்டிக் ‘பொறபொற’வென்று உதிரும், அல்லது இழுத்த இடத்திலேயே தளர்ந்து நிற்கும். ‘யாரும் உடுத்தவே இல்லை, ஆகவே இது புதுச் சரக்கு’ என்று எந்த வியாபாரியாவது அதற்கு முழு விலை கொடுப்பாரா? டயர் என்று வந்துவிட்டால் மட்டும், ‘வண்டி அதிகமாக ஓடவே இல்லை பாய், வாங்கும்போது கம்பெனி போட்ட டயர் அப்படியே இருக்கிறது’ என்பதை ஒரு சிறப்புத் தகுதியாகச் சொல்கிறோம். கேட்கிறவரும் மகிழ்ந்து தலையாட்டுகிறார்.

அந்தத் தலையாட்டலில்தான் ஆபத்து இருக்கிறது. கம்பெனி வளாகத்தில் வெயிலில் வாரம் முழுவதும் நின்று, காலையும் மாலையும் மட்டும் நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் உருளும் வேனுக்கு டயர் தேய்வதே இல்லை. ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு, சில வண்டிகளில் அதற்கு மேலும் முதல் டயர்களே ஓடிக்கொண்டிருக்கின்றன. குழியில் விழுந்தும் நடைமேடை விளிம்பில் உரசியும் அவற்றின் பக்கச்சுவர் வாங்கிய அடிகள் கணக்கில் இல்லை. பெருநாளன்று அதே டயர்களை மாட்டிய வேன் காங்கேயம், வெள்ளகோவில், கரூர், திருச்சி என்று முந்நூறு கிலோமீட்டருக்கு, தொண்ணூறு வேகத்தில், உச்சி வெயிலில் விரட்டப்படுகிறது. ஓராண்டாகப் படுக்கையில் கிடந்தவரை எழுப்பி மாரத்தான் ஓடச் சொல்வதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

“கம்பெனி மாட்டிய டயரைவிடச் சிறந்தது எது? அதை ஏன் மாற்ற வேண்டும்?” என்று கேட்பவர்கள் உண்டு. கம்பெனி மாட்டிய டயர், கம்பெனி எழுதிக் கொடுத்த எடைக்கும் காற்றழுத்தத்துக்கும் உரியது. விலையையும் எரிபொருள் செலவையும் கணக்குப் பார்த்து, அந்த எடைக்குப் போதுமான டயரைத்தான் எந்த உற்பத்தியாளரும் மாட்டுவார். நாம் ஏற்றும் எடைக்காக அன்று. டயரின் பக்கச்சுவரில் அளவுக்குப் பக்கத்தில் ஓர் எண்ணும் ஓர் எழுத்தும் இருக்கும். எண் சுமையைக் குறிப்பது: 104 என்றிருந்தால் அந்த ஒரு டயர் முழுக் காற்றில் 900 கிலோ தாங்கும்; 100 என்றிருந்தால் 800 கிலோ. பதினேழு இருக்கை வேனில், மடியில் உட்கார்ந்தவர்களையும் சேர்த்து இருபத்து நான்கு பேரை ஏற்றி, மேலே இரண்டு தேக்சாவும் அரிசி மூட்டையும் பெட்டிகளும் கட்டினால் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? எழுதப்பட்ட எல்லையில் மிச்சமிருந்த சிறிதளவு இடைவெளியையும் நாமே தின்றுவிடுகிறோம். டயர் புதிதாக இருந்தால் அந்தக் கொடுமையைச் சில காலம் பொறுக்கும். ஆறு வயதான டயர் பொறுக்காது.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். ‘வெயில் காலத்தில் காற்றைக் கொஞ்சம் குறைத்து வைக்க வேண்டும், இல்லாவிட்டால் வெடித்துவிடும்’ என்று பஞ்சர் கடையிலிருந்து பள்ளிவாசல் திண்ணைவரை எல்லோரும் சொல்கிறார்கள். உண்மை நேர்மாறானது. காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிர்கிறது. மடங்குவதால் சூடு உண்டாகிறது. அந்தச் சூடுதான் ரப்பரை எஃகு வலையிலிருந்து பிரிக்கிறது. வண்டி ஓடி டயர் சூடானபோது அழுத்தம் ஏறுவது இயல்பு. அதைக் கண்டு நடுவழியில் காற்றை இறக்கி விடுபவர், தீயணைக்கப் பெட்ரோல் ஊற்றுபவர். ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போது, வண்டியின் கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணைப்படி காற்றுப் பிடிக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான்.

‘கம்பெனி டயர்’ என்ற சொல்லில் மயங்குகிறவர்கள் அமெரிக்காவில் நடந்ததைத் தெரிந்துகொள்வது நல்லது. ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற வண்டியில் தொழிற்சாலையிலேயே மாட்டி வந்தவை ஃபயர்ஸ்டோன் டயர்கள். ஓடும்போதே அவற்றின் மேற்பட்டை உரிந்து வண்டிகள் உருண்டன. 2000 ஆகஸ்டில் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகத்தின் கணக்கில் இறந்தவர்கள் 271 பேர். ஃபோர்டு பரிந்துரைத்த காற்றழுத்தம் குறைவு என்று டயர் நிறுவனம் சொன்னது. டயரே மோசம் என்று ஃபோர்டு சொன்னது. இரு பெரிய நிறுவனங்களின் இந்த வழக்காடலுக்கு நடுவே தெளிவான செய்தி ஒன்று உண்டு: ஃப்ளோரிடா, டெக்சஸ், அரிசோனா போன்ற வெப்ப மாநிலங்களிலேயே இந்த டயர்கள் மிகுதியாகப் பிரிந்தன. பின்னர் அதே நிர்வாகம் ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தின் கணக்குகளை ஆராய்ந்தபோது, வெப்பம் மிகுந்த ஐந்து மாநிலங்களில் அந்நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 27 சதவீதமே இருந்தும், டயர் தொடர்பான இழப்பீட்டுக் கோரிக்கைகளில் 77 சதவீதம் அங்கிருந்தே வந்திருந்தன. அவற்றில் 84 சதவீதம் ஆறு வயதைக் கடந்த டயர்கள். கரூர்ச் சாலையில் சித்திரை வெயில் எப்படி இருக்கும் என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

அந்த நாட்டில் பதினைந்து இருக்கை வேன்களைப் பற்றித் தனியாகவே எச்சரிக்கை வெளியிட்டார்கள். குறிப்பாகத் தேவாலயக் குழுக்களை விளித்து அதைச் சொன்னார்கள். காரணம் நமக்கு நன்கு பழக்கமானது: வாரம் முழுவதும் நின்றுகொண்டிருக்கும் வேன், விடுமுறை வந்ததும் ஆள்களை நிரப்பிக்கொண்டு தொலைதூரம் போகும், டயர் தேயாமலே கிழடு தட்டியிருக்கும், பஞ்சரானால் அதைவிடப் பழைய ஸ்டெப்னியை மாட்டுவார்கள். பத்துப் பேருக்கு மேல் ஏறினால் அத்தகைய வேன் உருளும் அபாயம் ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று கண்டார்கள். அவர்களுடைய மார்க்கம் வேறு. ஆனால் அவர்களுடைய வேன் நம்முடைய வேன்தான்.

இனி நம் மாவட்டத்துக்கே வருவோம். 2020 பிப்ரவரி 20 அதிகாலையில் அவிநாசி அருகே நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஓடு ஏற்றி வந்த கன்டெய்னர் லாரி ஒன்று சாலைத் தடுப்பைத் தாண்டி எதிர்ப்பக்கம் பாய்ந்து, பெங்களூரிலிருந்து எர்ணாகுளம் சென்றுகொண்டிருந்த கேரள அரசுப் பேருந்தை அடித்தது. 19 உயிர்கள் போயின. விடிந்ததும் எல்லா வாய்களிலும் ஒரே சொல்: ‘டயர் வெடித்துவிட்டது.’ பிறகு நடந்த விசாரணை, ஓட்டுநர் கண்ணயர்ந்ததையே காரணமாகச் சுட்டியது.

டயரைப் பற்றி எழுத வந்தவன், டயர் காரணமல்லாத விபத்தை ஏன் இழுக்கிறான் என்று நினைக்கலாம். காரணத்தோடுதான் இழுக்கிறேன். ‘டயர் வெடித்துவிட்டது’ என்ற சொல் நம் நாட்டில் ஒரு மன்னிப்புச் சீட்டாகிவிட்டது. அதைச் சொன்ன மாத்திரத்தில் குற்றவாளி மறைந்துவிடுகிறான். இடி விழுந்தது, வெள்ளம் வந்தது, டயர் வெடித்தது. மூன்றையும் ஒரே வரிசையில் வைக்கிறோம். கண்ணயர்ந்ததை மறைக்கவும் அது பயன்படுகிறது. உண்மையிலேயே டயர் வெடித்த இடங்களில், ஏழாண்டு டயரை மாட்டிவைத்தவரை மறைக்கவும் பயன்படுகிறது. ‘எந்த ஆண்டு டயர்? எவ்வளவு காற்று? எத்தனை பேர் ஏறியிருந்தார்கள்?’ என்று ஜனாஸா வீட்டில் யார் கேட்பது? கேட்டால், ‘கத்ரை நம்பாதவனா நீ?’ என்பார்கள்.

ஆம், நம்புகிறேன். உமர் (ரலி) அவர்களும் நம்பினார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்ற செய்தி ஸர்க் என்னுமிடத்தில் எட்டியபோது, அவர்கள் படையோடு திரும்பிவிட முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதியை நோக்கியே போகிறோம் என்ற பொருளில் அமீருல் மூஃமினீன் விடை சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. பழைய டயர் வெடிப்பது விதி என்றால், புது டயர் வெடிக்காமல் போய்ச் சேர்வதும் விதிதான். இரண்டில் எதைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற அதிகாரம் புறப்படும் முன்பு உம் கையில் இருந்தது. அப்போது அதைப் பயன்படுத்தாமல், ஜனாஸாவுக்குப் பிறகு விதியைப் பேசுவது ஈமான் அன்று. கணக்குக் கேட்கப்படுவதிலிருந்து தப்பும் தந்திரம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாகத் திர்மிதியில் வரும் செய்தி எல்லோருக்கும் மனப்பாடம். அதைப் பயானில் கேட்டுத் தலையசைத்துவிட்டு, வாசலில் நிற்கும் வேனில் கட்டாத ஒட்டகத்தின்மீது ஏறி உட்காருகிறோம். அதைவிடக் குறைவாகப் பேசப்படும் இன்னொரு ஹதீஸும் முஸ்லிமில் இருக்கிறது. செழிப்பான நிலத்தில் பயணம் செய்தால் ஒட்டகத்துக்கு நிலத்திலிருந்து அதன் பங்கைக் கொடுக்க வேண்டும். வறண்ட நிலமானால் அது களைத்துப்போகும் முன் விரைந்து கடக்க வேண்டும் என்பது அதன் கருத்து. வாகனத்துக்கு உரிமை உண்டு, அதன் வலிமைக்கு எல்லை உண்டு, நிலத்தையும் பருவத்தையும் பார்த்து அதை நடத்த வேண்டும் என்று பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன் சொன்ன மார்க்கம் இது. அந்த மார்க்கத்தின் பெயரால் காற்றுப் பார்க்காமல் கிளம்புகிறார்கள்.

வண்டி கிளம்பியதும் பயண துஆ ஓதுகிறோம். அது ஸுக்ருஃப் அத்தியாயத்தின் 13, 14-ஆம் வசனங்களிலிருந்து வருவது. அதன் பொருளை நிதானமாக யோசித்திருக்கிறோமா? இந்த வாகனத்தை வசப்படுத்தித் தந்தவன் அவன், இதை அடக்கி ஆளும் ஆற்றல் நமக்கு இருக்கவில்லை என்று நாமே வாயால் ஒப்புக்கொள்கிறோம். பிறகு நம் இறைவனிடமே திரும்பிச் செல்ல வேண்டியவர்கள் என்கிறோம். வாகனம் நம் வலிமைக்கு மீறியது என்று சாட்சி சொன்ன வாய் மூடுவதற்குள், அதன் வலிமைக்கு மீறிய சுமையையும் வேகத்தையும் அதன் மேல் ஏற்றுகிறோம். ஓதிய சொல்லும் செய்த செயலும் இவ்வளவு நேருக்கு நேர் மோதும் இடம் வேறொன்று இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

ஃபிக்ஹின் பக்கம் இது இன்னும் கனமானது. தவறுதலாக ஓர் இறைநம்பிக்கையாளரைக் கொன்றுவிட்டாலே தியாவும் கஃப்பாராவும் உண்டு என்று அந்நிஸா அத்தியாயத்தின் 92-ஆம் வசனம் விதிக்கிறது. அடிமையை விடுதலை செய்ய இயலாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். ஜித்தாவைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி 1993-இல் புரூணையில் கூடி, சாலை விபத்துகளைப் பற்றித் தீர்மானம் இயற்றியது. ஷரீஅத்துக்கு முரணாகாத போக்குவரத்து விதிகளைப் பேணுவது மார்க்கக் கடமை என்றும், பிறரது உடலுக்கும் பொருளுக்கும் விளையும் சேதத்துக்கு ஓட்டுநர் பொறுப்பாளி என்றும் அது சொல்கிறது. தவிர்க்கவே இயலாத பேரிடர் போன்ற சில நிலைகளுக்கு மட்டுமே விலக்குத் தருகிறது. எல்லை மீறுவது தஅத்தீ. செய்ய வேண்டியதைச் செய்யாமல் விடுவது தஃப்ரீத். இரண்டுமே பொறுப்பைச் சுமத்தும் என்பதுதான் அடிப்படை. புது டயர், சரியான காற்று, சரியான சுமை. அப்படியிருந்தும் எதிர்பாராமல் வெடித்தது என்றால் அது ஒரு நிலை. ஆறேழு ஆண்டு டயரில் இருபத்து நான்கு பேரை ஏற்றியிருக்க, அது வெடித்தது என்றால் அது முற்றிலும் வேறு நிலை. ‘தவிர்க்கவே இயலாதது’ என்று அதை எந்த ஆலிமின் முன் போய்ச் சொல்வது? மஹல்லா இமாமிடம் கேட்டுப் பாருங்கள்; ஆனால் டயரின் வயதையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

இடிபாட்டில் சிக்கி இறந்தவருக்கு ஷஹீதுடைய கூலி உண்டு என்று ஹதீஸ் வந்திருப்பதை எண்ணி, விபத்தில் இறந்தவருக்கும் அதை ஆதரவு வைக்கிறோம். அது இறந்தவரின் குடும்பத்துக்கு ஆறுதல். வேன் முதலாளிக்கு விடுதலைப் பத்திரம் அன்று.

என்னை மிகவும் உறுத்துவது வேறொன்று. நம் ஊர் கவனக்குறைவான ஊர் இல்லை. ஏற்றுமதிக் கம்பெனிகளில் தையல் ஊசி உடைந்தால் என்ன செய்கிறார்கள் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. உடைந்த துண்டுகளையெல்லாம் தேடி எடுத்து, ஒன்றுசேர்த்து முழு ஊசியாகிறதா என்று பார்த்து, பதிவேட்டில் ஒட்டி, தேதியும் மெஷின் எண்ணும் எழுதிக் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒரு முனை கிடைக்காவிட்டால் அந்தக் கட்டுத் துணி முழுவதையும் ஒதுக்கிவைக்கிறார்கள். குழந்தைகள் உடுப்பு ஊசி கண்டறியும் கருவிக்குள் போய் வந்த பிறகே பெட்டிக்குள் போகிறது. கடல் கடந்து எங்கோ இருக்கும், நாம் ஒருநாளும் காணப்போகாத ஒரு குழந்தையின் முதுகில் ஊசிமுனை குத்திவிடக் கூடாது என்பதற்கு இத்தனை பாடு. வாங்குகிறவர் கேட்பதால் செய்கிறார்கள் என்பீர்கள். சரிதான். அப்படியானால் சொந்தப் பிள்ளைகளுக்காகக் கேட்பதற்கு ஆளில்லை என்று ஆகிறது. செக்கிங் மேசையில் எட்டு மணி நேரம் நின்று ஓர் இழை அறுந்திருப்பதைக் கண்டுபிடிக்கும் நம் பெண்கள், வேனில் ஏறும்முன் டயரைக் குனிந்து பார்த்தால், ‘உனக்கென்ன தெரியும், ஏறு’ என்கிறோம்.

வேன் முதலாளிகளை மட்டும் திட்டி முடித்தால் அது நேர்மையாகாது. கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறார் என்பதற்காக ஒரு வண்டியை விட்டு இன்னொரு வண்டிக்கு மாறுவது யார்? டயர் மாற்றிய முதலாளி அந்தச் செலவை வாடகையில் ஏற்றியாக வேண்டும். மாற்றாதவர் குறைத்துத் தரலாம். நாம் எப்போதும் குறைத்துத் தருகிறவரையே தேர்ந்தெடுத்தால், நல்லவரையும் தண்டித்து மற்றவர் வழிக்கு இழுக்கிறோம். அதன் பிறகு டிரைவர் தம்பி என்ன செய்வார்? டயர் சரியில்லை என்று சொன்னால் அவர் வேலை போகும். ஒரு நிக்காஹ் விருந்தில் இலையிலேயே வீணாகும் சோற்றின் விலையில் ஒரு வேனுக்குப் புது டயர் போட்டுவிடலாம். அந்த விருந்துக்கு உறவுகளை ஏற்றி வருவதும் அதே வேன்தான்.

டயர் விற்கிறவர்களுக்கும் ஒரு சொல். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் காடி வெட்டி, கறுப்பு மையைத் தடவிப் பளபளப்பாக்கி வைக்கும் வேலை நடக்கிறது என்பது தொழிலில் உள்ளவர்களுக்குத் தெரியும். தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டதும், அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கண்டித்ததும் முஸ்லிமில் பதிவாகியிருக்கின்றன. அங்கே மறைக்கப்பட்டது கொஞ்சம் ஈரம். இங்கே மறைக்கப்படுவது எஃகு வலை. எஃப்.சி. காட்டும் நாளுக்கு மட்டும் நல்ல டயர்களை இரவல் வாங்கி மாட்டிக் காட்டிவிட்டுக் கழற்றுகிறவர்களுக்கும் இதே ஹதீஸ் பொருந்தும்.

ரீட்ரெட் டயரே கூடாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்கள் அந்தத் தொழிலை அறியாதவர்கள். ஒழுங்காகச் செய்தால் அது சிக்கனம். விமானச் சக்கரங்களிலேயே ரீட்ரெட் டயர்கள் ஓடுகின்றன. இன்று டயருக்குப் பெயர்போன எம்.ஆர்.எஃப்.கூட 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கி, 1952-இல் ட்ரெட் ரப்பருக்கு வந்து, அதற்குப் பிறகே டயருக்கு வந்தது. ஆனால் உள்கூடு எத்தனை வயதானது என்று பாராமல் மேலே புதுப்பட்டை ஒட்டி, அதையும் ஸ்டீயரிங் பிடிக்கும் முன் சக்கரத்தில் மாட்டி, பிள்ளைகளை ஏற்றி நெடுஞ்சாலையில் விடுவது சிக்கனம் அன்று.

‘ஐந்து ஆண்டில் மாற்று என்பதெல்லாம் டயர் கம்பெனிகளின் வியாபாரத் தந்திரம்’ என்பார்கள். தந்திரமாக இருந்திருந்தால் எல்லா டயர் நிறுவனங்களும் ஒரே குரலில் ஐந்து என்றே சொல்லியிருக்கும். பல டயர் நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்குப் பின் ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்லி, பத்து ஆண்டைக் கடைசி எல்லையாக வைக்கின்றன. வாகன நிறுவனங்களில் சில ஆறு ஆண்டு என்கின்றன. நம் வெயிலுக்கும் நம் சுமைக்கும் இதில் எந்த முனையைப் பிடிப்பது அறிவுடைமை என்பதை ஃப்ளோரிடாக் கணக்கைப் பார்த்த பிறகு யாரும் சொல்லிவிடலாம்.

வயதைக் கண்டுபிடிப்பது கடினமும் இல்லை. பக்கச்சுவரில் எழுத்தும் எண்ணுமாகச் செல்லும் ஒரு வரிசையின் முடிவில், நான்கு இலக்கங்கள் தனியாக இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம், அதாவது ஜூன் தொடக்கத்தில் செய்தது. சில டயர்களில் ஒரு பக்கத்தில் மட்டுமே அது இருக்கும். அந்தப் பக்கம் உள்நோக்கி மாட்டப்பட்டிருந்தால் வண்டிக்கு அடியில் கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்துத்தான் படிக்க வேண்டும். எடுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. ஸ்டெப்னியையும் இறக்கச் சொல்லிப் பாருங்கள். வண்டியிலேயே வயதில் மூத்தது பெரும்பாலும் அதுதான். வாங்கப்போகும் ‘புது’ டயரிலும் அந்த நான்கு இலக்கங்களைப் படித்துவிட்டே பணம் கொடுங்கள். கடைப் பரணில் இரண்டு மூன்று ஆண்டு கிடந்ததும் புதிது என்ற பெயரில்தான் வரும்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் ஒன்று கேட்கிறேன். பள்ளிவாசல் பெயரால், மத்ரஸா பெயரால், சங்கத்தின் பெயரால் வேன் அமர்த்தும் ஒவ்வொரு முறையும் அந்த நான்கு இலக்கங்களைக் குறித்துக்கொண்ட பிறகே முன்பணம் கொடுப்பது என்று ஒரு தீர்மானம் போடுங்கள். ஸ்டெப்னியோடு சேர்த்து எத்தனை டயரோ அத்தனை வரிகள், ஒரு நோட்டுப் புத்தகம். ஆறு வயதைத் தாண்டிய டயர் ஒன்று இருந்தாலும் அந்த வண்டி வேண்டாம் என்று திருப்பி அனுப்புங்கள். இரண்டு பெருநாள்களுக்கு இப்படிச் செய்தால் காங்கேயம் சாலையிலுள்ள வேன் முதலாளிகள் எல்லோருக்கும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

டயரை மாற்றுகிற முதலாளிகள் இன்னும் ஒன்றைச் செய்ய வேண்டும். கழற்றிய கிழட்டு டயரை அப்படியே பழைய டயர் வாங்குபவரிடம் கொடுத்துவிடாதீர்கள். பட்டன் இருப்பதால் நல்ல விலை தருவார். அது வேறோர் ஊரில் வேறொரு வேனின் சக்கரத்தில் ஏறிவிடும். பக்கச்சுவரைக் கத்தியால் கிழித்துவிட்டு, மறுசுழற்சிக்கு என்று சொல்லிக் கொடுங்கள். விலை சில நூறு ரூபாய் குறையும்.